வெட்டிய மரத்துக்கு யார் காசு கொடுப்பது?

அமெரிக்கத் தெருவோரங்களில் நிழலுக்காக நட்ட ஆஷ் (ash) மரம் செத்துப்போனபின் அதன் பட்டையை உளி வைத்து நெம்பினால் அதிகச் சிரமமில்லாமல் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்துவிடும். உள்ளே மரத்தின் மேல், முறுக்குப் பிழிந்ததுபோல் வளைந்து வளைந்து போகும் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் மாவாக அரைபட்ட தூள் இறுக அடைந்திருக்கும். தடம் தொடங்கும் இடத்தில் நூல் அளவுதான் இருக்கும், போகப் போக அகன்றுகொண்டே வரும். புழு தின்று பெருத்த கணக்கு அதில் அப்படியே தெரியும். பட்டையைத் திருப்பி வெளிப்பக்கம் பார்த்தால் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். முழு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் தட்டையாக, பாதி நிலா போல இருக்கும். வளர்ந்த வண்டு வெளியே வந்த வாசல் அது.

அந்த வண்டின் பெயர் மரகத ஆஷ் துளைப்பான். விரல் நகத்தைவிடச் சற்றே நீளம், பளபளக்கும் பச்சை நிறம். வண்டு இலையைத்தான் கொறிக்கும், அதனால் மரத்துக்குப் பெரிய கேடு இல்லை. கேடெல்லாம் புழுவால் வருவது. இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டைக்கு அடியில் இருக்கிறது. புழுக்கள் அந்தப் பாதையைத் தின்று அறுத்துவிடுகின்றன. உச்சிக் கிளை முதலில் காயும், அப்புறம் சில ஆண்டுகளில் மொத்த மரமும் போய்விடும்.

கிழக்கு ஆசியாவில் இந்த வண்டு காலங்காலமாக இருக்கிறது. அங்குள்ள ஆஷ் மரங்களுக்கு அதைத் தாக்குப்பிடிக்கத் தெரியும், வட அமெரிக்க ஆஷ் மரங்களுக்குத் தெரியாது. 1990களில் சரக்குப் பெட்டிகளோடு வந்த மரச் சட்டங்களில் ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் பகுதியில் 2002இல் அதை அடையாளம் கண்டபோது, அது பல ஆண்டுகளாக அங்கே குடியிருந்தது தெரிந்தது. இப்படிப்பட்ட பயணங்களைத் தடுக்கத்தான் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி வந்தது. சரக்கு ஏற்றும் மரச் சட்டத்தின் நடுப்பகுதியை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏற்றுமதிக் கிடங்குப் பக்கம் போனால் மர பேலட்டுகளில் கோதுமைக் கதிர் போன்ற சின்ன முத்திரை சுட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்த விதிப்படி பதப்படுத்தியதற்கான அடையாளம் அது. டெட்ராய்ட் மரங்களைப் பொறுத்தவரை அது கொஞ்சம் தாமதமாக வந்த முத்திரை.

வண்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் நகராட்சிகளைத் திணற வைக்கும் இன்னொரு கேள்வி அவ்வளவாக வெளியே வருவதில்லை. மரத்தை வெட்டியாயிற்று; வெட்டிய மரம் எங்கே போகும்? அதற்கு யார் காசு கொடுப்பது?

அமெரிக்காவில் ஆஷ் மரம் மிக அதிகம் உள்ள மாநிலம் மின்னசோட்டா. காடும் ஊரும் சேர்த்து ஏறத்தாழ 100 கோடி மரங்கள் என்று அங்கே கணக்குச் சொல்கிறார்கள். 2009இல் செயின்ட் பால் நகரில் வண்டு தென்பட்டது. பக்கத்து நகரமான மினியாபொலிசுக்கும் இது புதிய துக்கம் இல்லை. 1970களில் டச்சு எல்ம் நோய் வந்து, தெருவுக்குப் பந்தல் போட்டதுபோல் நின்ற எல்ம் மரங்களை வாரிக்கொண்டு போனது. 1977இல் மட்டும் அந்த ஒரு நகரம் 30,000க்கு மேல் மரங்களை இழந்தது. வெறுமையான இடங்களில் வேகமாக வளரும், குளிரைத் தாங்கும், உப்பையும் தூசியையும் பொறுத்துக்கொள்ளும் மரம் ஒன்று தேவைப்பட்டது. ஆஷ் பொருத்தமாக இருந்தது. வரிசை வரிசையாக அதையே நட்டார்கள். ஒரே மரத்தை நம்பியதால் பட்ட அடிக்கு மருந்தாக இன்னொரு ஒரே மரத்தை நட்டதை நினைக்க மனசு கனக்கிறது. அன்று நட்டவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர்களுக்கு நிழல் வேண்டியிருந்தது, அதுவும் சீக்கிரமாக.

சரி, மரக்கணக்குக்கு வருவோம். அரை மீட்டர் விட்டமுள்ள தெருவோர ஆஷ் மரம் ஒன்றை வெட்டினால் கிளையும் அடிமரமுமாகச் சுமார் இரண்டு டன் தேறும். மினியாபொலிசில் தெருவோரமும் பூங்காவிலும் மட்டும் சுமார் 40,000 ஆஷ் மரங்கள் நின்றன. தனியார் மனைகளில் அதைவிட அதிகம். செயின்ட் பாலில் உள்ளவையும் சுற்றியுள்ள புறநகர்களில் உள்ளவையும் தனி.

இந்த மரம் சாதாரணக் குப்பையும் இல்லை. உள்ளே புழு உயிரோடு இருக்கலாம். விறகாக்கி யாராவது காரில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை முகாமுக்குப் போனால் வண்டும் கூடவே போகும். வண்டு தானாகப் பறந்து பரவுவது ஆண்டுக்குச் சில கிலோமீட்டர்தான். நூறு கிலோமீட்டர் தாண்டி அதைக் கொண்டுபோய் விட்டதெல்லாம் மனிதர்கள், பெரும்பாலும் விறகுக் கட்டோடு. அதனால் மரத்தைக் குறைந்தது இரண்டு பக்கங்களில் ஓர் அங்குலத்தைத் தாண்டாத சில்லுகளாக அரைக்க வேண்டும், அல்லது சூளையில் வைத்துச் சுட வேண்டும், அல்லது எரித்துவிட வேண்டும். விறகாக விற்க வேண்டுமானால் உள் சூடு 60 டிகிரியில் 60 நிமிடம் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் வண்டு பறக்காது என்பதால், மே தொடங்கும் முன் வெட்டி, ஏற்றி, அரைத்து முடித்துவிடுங்கள் என்று மாநில வேளாண் துறை சொல்கிறது. ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டிய வேலை இப்படி ஏழெட்டு மாதத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

இந்த வேலைக்கு முதலில் அரசுப் பணம் இறங்கிய இடம் மிச்சிகன். வண்டை அடியோடு ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்த காலம் அது. மாநில அரசும் மத்திய அரசும் டெட்ராய்டைச் சுற்றிச் சேகரிப்பு முற்றங்கள் திறந்தன. மரம் வெட்டுபவரும் வீட்டுக்காரரும் ஆஷ் மரத்தைக் கொண்டுவந்து போடலாம். அங்கேயே பெரிய இயந்திரங்களில் அரைத்து, சில்லுகளை ஃபிளின்ட் நகரிலுள்ள ஜெனசி மின்நிலையத்துக்கு அனுப்பினார்கள். திட்டமாகப் பார்த்தால் நேர்த்தியானது. கொண்டுபோய்ப் போட ஓர் இடம், அரைக்க ஓர் இயந்திரம், வாங்கிக்கொள்ள ஓர் உலை. ஆனால் உலை எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஜெனசி மின்நிலையம் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியை ஒட்டி எழுந்தது. அனுமதி கொடுத்த விதம் பாகுபாடானது என்று 1992இலேயே மத்திய சுற்றுச்சூழல் முகமையிடம் புகார் போனது. பொதுமக்கள் கருத்துக் கேட்பில் கறுப்பின மக்களை மாநிலத் துறை பாகுபாட்டோடு நடத்தியது என்று அந்த முகமை சொன்னது 2017 ஜனவரியில். இடையில் 25 ஆண்டுகள். நகரம் முழுக்கச் செத்த மரங்களின் புகை யார் வீட்டு ஜன்னலுக்குப் போகிறது என்று எந்தச் செலவுப் பட்டியலும் சொல்வதில்லை. ஆனாலும் அதுவும் ஒரு செலவுதான், அந்தப் பகுதி மக்கள் கொடுத்த செலவு.

வண்டு மிச்சிகனைத் தாண்டிப் போய்விட்டது. ஒழிப்பது என்ற பேச்சு போய், சமாளிப்பது என்ற பேச்சு வந்தது. 2021 ஜனவரியில் மத்திய வேளாண் துறை ஆஷ் துளைப்பானுக்கான கட்டுப்பாட்டு விதிகளையே விலக்கிக்கொண்டது. அந்தப் பணத்தை, வண்டைத் தின்னும் சின்னஞ்சிறு குளவிகளை வளர்த்து விடுவது போன்ற வேலைகளுக்குத் திருப்புகிறோம் என்றது. காட்டுக்கு அது சரியான வழியாக இருக்கலாம். ஆனால் தெருவில் ஏற்கெனவே செத்து நிற்கும் மரத்துக்குக் குளவி எதுவும் செய்யாது. அந்தச் சுமை முழுக்க மாநிலத்தின் தலையிலும் ஊரின் தலையிலும் வந்து விழுந்தது.

செயின்ட் பாலுக்கு ஒரு நல்ல காலம், உலை ஏற்கெனவே இருந்தது. நகர மையத்தில் ஏறத்தாழ 200 கட்டடங்களுக்கு, மாநிலச் சட்டமன்றக் கட்டடம் உட்பட, குழாய் வழியாகச் சுடுநீர் அனுப்பிச் சூடேற்றும் அமைப்பு 1983 முதல் அங்கே ஓடுகிறது. 2003இல் அதோடு மரக்கழிவை எரித்து மின்சாரமும் வெப்பமும் சேர்த்துத் தரும் நிலையம் சேர்ந்தது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் அளவில் மரச்சில்லுகள் அதற்குள் போகும். மிசிசிப்பி ஆற்றங்கரை நகரத்தில் மைனஸ் 20 டிகிரி அடிக்கும் காலையில் அலுவலகங்கள் கதகதப்பாக இருக்க, பக்கத்துத் தெருவில் வெட்டிய மரம் உதவியிருக்கும். ஆஷ் மரத்தில் மற்ற மரங்களைவிட ஈரம் குறைவு, பச்சையாகவே ஓரளவு எரியும். அதனால் எரிபொருளாக அதற்கு மதிப்பு உண்டு.

இந்த உலை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது. 1994இல் பிரெய்ரி ஐலண்ட் அணுமின் நிலையம் தன் பழைய எரிபொருளை வளாகத்திலேயே கலன்களில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டது. சட்டமன்றம் ஒரு பேரத்தோடு சம்மதித்தது. மின் நிறுவனம் காற்றாலை மின்சாரமும், மரம், வேளாண் கழிவு போன்றவற்றிலிருந்து 125 மெகாவாட் மின்சாரமும் வாங்கியாக வேண்டும் என்பது அந்தப் பேரம். செயின்ட் பால் உலையின் மின்சாரத்துக்கு நிச்சயமான வாடிக்கையாளர் கிடைத்தது இப்படித்தான். அணுக்கழிவு பற்றிய சண்டையில் பிறந்த ஒப்பந்தம் பின்னாளில் செத்த மரங்களுக்குச் சுடுகாடு ஆயிற்று. யாரும் அப்படித் திட்டமிடவில்லை. 1994இல் அந்த வண்டு அமெரிக்காவில் இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஒப்பந்தம் 20 ஆண்டுக்கு. அது முடியும் நேரத்தில் காற்றாலை, சூரிய மின்சாரத்தின் விலை மிகவும் இறங்கிவிட்டது, மர மின்சாரம் விலை கூடிய சரக்காக நின்றது. 2017இலேயே வேறு சில உயிர்ப்பொருள் மின்நிலையங்களின் ஒப்பந்தங்களை மின் நிறுவனம் முடித்துக்கொள்ளச் சட்டமன்றம் வழி விட்டிருந்தது. வான்கோழிப் பண்ணைக் கழிவை எரித்துவந்த பென்சன் ஊர் நிலையம் மூடப்பட்டது. அடுத்தது செயின்ட் பால் என்றபோதுதான், அந்த உலை நின்றால் வெட்டிய ஆஷ் மரமெல்லாம் எங்கே போகும் என்ற கேள்வி எல்லோருக்கும் உறைத்தது. மரம் சாவது உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. 2021இல் சட்டமன்றம் தனி விதி ஒன்றை இயற்றி, 2024 இறுதி வரை புதிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அனுமதித்தது. கூடுதல் விலை மின்கட்டணத்தில் சேர்ந்தது.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மரக்கழிவைத் தீர்க்கும் பொதுச் செலவை மின்கட்டணத்துக்குள் வைப்பது வசதியான வழி, நியாயமான வழி இல்லை. பட்ஜெட்டில் வந்தால் விவாதம் நடக்கும், யாருக்கு எவ்வளவு என்று தெரியும். மின்கட்டணத்தில் வந்தால், ஆஷ் மரமே இல்லாத அடுக்குமாடி வாடகை வீட்டில் இருப்பவரும் தெரியாமலே கொடுத்துக்கொண்டிருப்பார். அதே சமயம், உலையை உடனே மூடியிருக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். மரங்கள் சாகும் வேகம் ஆண்டுக்கு ஆண்டு சமமாக இருப்பதில்லை. வண்டு வந்த முதல் ஐந்தாறு ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாகும். அப்புறம் திடீரென்று ஊரில் பாதி மரம் ஒன்றாகச் சாயும். பதினைந்து ஆண்டுக்குள் எல்லாம் முடிந்து மரம் வருவது நின்றுவிடும். ஒரு வெள்ளத்துக்காக எந்த முதலாளியும் அணை கட்டமாட்டார். வெள்ளம் வடிந்தபின் வேலை இல்லாத இயந்திரத்தை யார் வாங்குவார்கள்? இந்த இடத்தில் அரசுப் பணம் வராமல் காரியம் நடக்காது. இருக்கும் உலையை வெள்ளம் வடியும் வரை காப்பாற்றுவது புதிதாக ஒன்று கட்டுவதைவிட மலிவு. கேட்க வேண்டியதெல்லாம், அந்தச் செலவை எந்தப் பையிலிருந்து எடுப்பது என்பதுதான்.

ஊர்கள் தங்கள் பைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தன. மினியாபொலிஸ் பூங்கா வாரியம் 2014இல் தனி வரி ஒன்றைப் போட்டு, எட்டு ஆண்டுகளில் பொது இடத்து ஆஷ் மரங்கள் எல்லாவற்றையும் அகற்றி வேறு மரங்கள் நடும் திட்டத்தைத் தொடங்கியது. மரம் செத்தபின் வெட்டக் காத்திருக்காமல், சாகும் முன்பே ஆண்டுக்கு இத்தனை என்று பிரித்து வெட்டினார்கள். இது புத்திசாலித்தனமான வழி என்பேன். ஆஷ் மரம் செத்தால் சீக்கிரமே முறுமுறுவென்று ஆகிவிடும், தொழிலாளி மேலே ஏறினால் கிளை முறியும். அப்புறம் தூக்கு வண்டி வேண்டும், கிரேன் வேண்டும், செலவு ஏறிக்கொண்டே போகும். செயின்ட் பால் கொஞ்சம் பின்தங்கியது. 2022இல் அந்நகரத் துறைமுக ஆணையத்தோடு சேர்ந்து 1.8 கோடி டாலர் கடன் பத்திரங்கள் மூலம் பணம் திரட்டி வேகத்தைக் கூட்டியது. கடன் வாங்கி மரம் வெட்டுவதா என்று கேட்கலாம். இரண்டு குளிர்காலம் தள்ளிப்போட்டால் வரும் செலவோடு ஒப்பிட்டால் கடன் மேல்.

தனியார் மனையில் நின்ற மரங்களின் கதைதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வீட்டு முற்றத்து ஆஷ் மரத்தில் வண்டு இருப்பதாக ஆய்வாளர் கண்டால், மரத்தை அகற்றச் சொல்லி அறிவிப்பு வரும். அகற்றவில்லை என்றால் நகரமே ஆள் அனுப்பி வெட்டி, அந்தப் பல ஆயிரம் டாலரை வீட்டின் சொத்து வரியில் சேர்த்துவிடும். வடக்கு மினியாபொலிஸ் போன்ற வருமானம் குறைந்த பகுதிகளில் இது குடும்பங்களைத் திணற அடித்தது. அந்த வீடுகளுக்கு முன்னால் மரம் நின்ற காலமெல்லாம் அதன் நிழல் தெருவில் போகிறவர் எல்லோருக்கும் கிடைத்தது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 15 மாநிலங்களில் 1990 முதல் 2007 வரையிலான புள்ளிவிவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆஷ் மரங்கள் போன மாவட்டங்களில் மூச்சு நோய்களால் சுமார் 6,000 பேரும், இதய நோய்களால் சுமார் 15,000 பேரும் கூடுதலாக இறந்ததோடு மர இழப்புக்குத் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். தொடர்பு என்பது காரணத்துக்கு நிரூபணம் ஆகாது, உண்மைதான். ஆனால் மரத்தின் பலன் வேலியோடு நிற்பதில்லை என்பதற்கு அது போதும். பலன் தெருவுக்கு, சாவுச் செலவு மட்டும் வீட்டுக்காரருக்கு என்றால் அது எப்படிச் சரி?

2022இல் அமெரிக்க மத்திய அரசின் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் வழியாக நகர மரங்களுக்கென்று 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் மினியாபொலிஸ் பூங்கா வாரியத்துக்குக் கிடைத்த 80 லட்சம் டாலரில், இப்படிப்பட்ட வீடுகளின் மரங்களை அகற்றவும் வழி பிறந்தது. நல்ல முடிவு. ஆனால் வாஷிங்டன் பணம் நிலையானது என்று நம்பித் திட்டம் போட முடியாது. 2025இல் ஆட்சி மாறியதும், மரம் நடுவதை ஊக்குவிக்கும் ஆர்பர் டே அறக்கட்டளை வழியாகப் போகவிருந்த 7.5 கோடி டாலர் மானியம் நடுவழியில் நின்றது. மின்னசோட்டா தன் பங்குக்கு, ஊர்களுக்கு மர மானியம் கொடுத்ததோடு, வண்டு தாக்கிய மரக்கழிவைக் கையாளவே தனி மானியம் என்ற இடத்துக்கும் வந்தது. மரம் நடுவதற்குப் பணம் கேட்டால் எந்த அரசியல்வாதியும் மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொள்ள வருவார். மரச்சில்லுக் குவியலுக்கு அப்படி யாரும் வருவதில்லை. அந்தக் குவியலுக்கும் ஒரு தலைப்பு போட்டுப் பணம் ஒதுக்கியது முக்கியமான நகர்வு.

எல்லாவற்றையும் எரிக்கத்தான் வேண்டுமா? புழு தின்பது பட்டைக்கு அடியில் மட்டும். உள்மரம் முழுசாக, நல்ல வெளிர் நிறத்தில் இருக்கும். கருவிகளுக்குக் கைப்பிடியும் பேஸ்பால் மட்டையும் செய்த மரம் அது. மிச்சிகனின் ஆன் ஆர்பரில் 2008இல் திறந்த டிராவர்வுட் நூலகத்தில், அந்த மனையிலேயே வண்டு தாக்கிச் செத்த ஆஷ் மரங்களைத் தூணாகவும் தரையாகவும் வைத்திருக்கிறார்கள். ஆனால் தெரு மரத்தை ரம்பத்தில் ஏற்ற அறுப்புக்காரர்கள் தயங்குகிறார்கள். துணிக்கொடி கட்டிய ஆணி, அறிவிப்பு ஒட்டிய ஆணி, எப்போதோ மரம் விழுங்கிவிட்ட கம்பி என்று உள்ளே என்னென்னவோ இருக்கும். ஓர் ஆணி போதும் ரம்பப் பல்லைக் கெடுக்க. கிளைகளும் வளைந்த பாகங்களும் கழிந்தபின் பலகைக்குத் தேறுவது மொத்தத்தில் சிறு பங்கு. காற்றில்லாமல் சுட்டு உயிர்க்கரியாக்கி மண்ணில் சேர்ப்பது இன்னொரு வழி. அதற்கு ஆலை அமைக்க 2022இல் மினியாபொலிசுக்கு ப்ளூம்பெர்க் அறக்கட்டளை 4 லட்சம் டாலர் கொடுத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் லட்சக்கணக்கான டன்னுக்கு முன்னால் அது ஒரு கைப்பிடி.

பெரிய நகரத்துக்கு உலை இருக்கிறது, பத்திரம் போடத் தெரிந்த அதிகாரிகள் இருக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் வாழும் ஊருக்கு என்ன இருக்கிறது? மரச்சில்லு கனம் குறைந்தது, இடம் அடைப்பது. லாரியில் பாதி காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறோம். நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி உலை இருந்தால் டீசல் செலவு சில்லின் விலையைத் தாண்டிவிடும். அதனால் சின்ன ஊர்கள் ஊர்க்கோடியில் குவித்து வைக்கின்றன, அனுமதி வாங்கித் திறந்தவெளியில் கொளுத்துகின்றன. பல ஊர்கள் சேர்ந்து பொதுவாக ஓர் அரைக்கும் இயந்திரம் வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தவும், தூரத்துக்கு ஏற்ப ஏற்றுகூலி கொடுக்கவும் மாநிலப் பணம் போக வேண்டும். ஊருக்கு ஊர் தனித்தனியாக விண்ணப்பம் எழுதி மானியம் வாங்கும் முறையில், விண்ணப்பம் எழுத ஆள் இல்லாத ஊர்தான் முதலில் விடுபடும்.

இன்னும் வடக்கே போனால் சதுப்பு நிலங்களில் கறுப்பு ஆஷ் காடுகள். அனிஷினாபே பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மரத்தை அடித்துக் கீற்றுக் கீற்றாக உரித்துக் கூடை பின்னுகிறார்கள். அந்த மரங்கள் செத்தால் உறிஞ்ச ஆளில்லாமல் நீர் மட்டம் ஏறி, காடு கோரைப்புல் சதுப்பாக மாறிவிடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே உறைந்த தரை மேல்தான் வண்டி போகும். அந்த மரங்களுக்கு உலையும் இல்லை, மானியத் தலைப்பும் இல்லை.

நகரத்துக்கே திரும்பினால், காலண்டர்தான் பெரிய எதிரி. மாநில நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கும். பணம் ஒதுக்கி, விண்ணப்பம் வாங்கி, தேர்ந்தெடுத்து, ஒப்பந்தம் போட்டு முடிக்கப் பல மாதம் ஆகும். குளிர்காலம் பாதி போயிருக்கும். ஏப்ரல் கடைசியில் தரை இளகி, பட்டைக்குள் பச்சை வண்டு இறகு விரிக்கத் தயாராகும்போது, வெட்டாமல் விட்ட மரங்கள் அப்படியே நிற்கும். அடுத்த நவம்பரில் ஆட்கள் வரும்போது அதே மரத்துக்கு ஏணி போதாது, கிரேன் வேண்டும்.